உடும்புப் பிடியும் உள்ளங்கைத் தட்டும்

படீர் என்று ஓர் அடி. இடது கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபிளாஸ்க், வலது உள்ளங்கையால் அதன் விலாவில் ஓங்கி ஒரு தட்டு. அடித்த கையோடு ஃபிளாஸ்க்கைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார் அந்தப் பெண். "இன்னும் விடலக்கா. பாதிப் பேரு ஒட்டிக்கிட்டேதான் கெடக்கான்." இன்னொரு படீர். மேலுதட்டில் வியர்வை, தலையில் வலைத்தொப்பி, கையில் நீலக் கையுறை. ஃபிளாஸ்க்குக்குள் இருப்பவை கொடுவா மீனின் சிறுநீரகச் செல்கள். தரையைக் கவ்விக்கொண்டிருக்கும் அவற்றைக் கிளப்பத்தான் இத்தனை அடிதடி!

பாடப்புத்தகத்தில் செல் என்றால் ஒரு வட்டம், நடுவே ஒரு புள்ளி. அந்த வட்டம் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும் என்றோ, பிடியை விடச் சொன்னால் அடம் பிடிக்கும் என்றோ யாரும் நமக்குச் சொன்னதில்லை. அந்த அடத்தோடு தினம் மல்லுக்கு நிற்கிறவர்களின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய இடம் கிடைத்ததே என்ற குதூகலத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: கூடத்தின் பெயர், ஆட்களின் பெயர் இரண்டும் வேண்டாம். ஊர்ப் பெயரைச் சொல்லலாம். கொச்சியில் தேவரா.

எர்ணாகுளத்தின் தென்முனை இது. மட்டாஞ்சேரி பக்கம் போக வேண்டுமானால் இங்கிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி, வெலிங்டன் தீவைக் கடந்து, இன்னொரு தடவை காயலைத் தாண்ட வேண்டும். பக்கத்திலேயே கப்பல் கட்டும் தளம். 1944 முதல் நடக்கும் சேக்ரட் ஹார்ட் கல்லூரி. மூச்சு விட்டால் உப்பும் மீனும் கலந்த காற்று. மழைக்கு முந்தைய புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வேளையில் கூடத்தின் கதவைத் தள்ளினால், முகத்தில் அடிக்கிறது ஏ.சி. குளிரும் ஸ்பிரிட் வாடையும்.

வாருங்கள், செருப்பை இங்கேயே விட்டுவிட வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு தருவார்கள். இடது கால் நீலமும் வலது கால் சிவப்பும் கிடைத்தால் கேள்வி கேட்கக் கூடாது. கைகளை முழங்கைவரை கழுவி, ஸ்பிரிட் தெளித்து, அங்கி மாட்டி, பிறகுதான் அடுத்த கதவு. கதவில் கோணல்மாணலாக ஒட்டிய மலையாளத் தாளை நம் வழிகாட்டி, ஃபிளாஸ்க்கைத் தட்டிய அதே நாகர்கோவில் பெண், வாசித்துக் காட்டுகிறார்: கதவை மூடாதவர் எல்லாருக்கும் சாயா வாங்கித் தர வேண்டும். "இந்த மாசம் நாந்தான் மூணு வாட்டி வாங்கிக் குடுத்தேன்" என்கிறார், கதவைக் காலால் தள்ளி மூடியபடி.

உள்ளே நடக்கவே இடமில்லை. ஒரு பக்கம் பைப்பெட் முனைகள் நிரம்பிய டப்பாக்கள், அவற்றின் மேல் பழைய நாட்காட்டி, அதன் மேல் யாரோ மறந்துபோன குடை. சென்ட்ரிஃபியூஜின் நெற்றியில் போன நவராத்திரி பூஜைவைப்புக்கு இட்ட சந்தனம் காய்ந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலையில் முனகும் பி.ஓ.டி. இன்குபேட்டருக்கு வேலை கொச்சி வெயிலைத் தணித்து உள்ளே 28 டிகிரியை நிலைநிறுத்துவது. மனிதச் செல்லுக்கு 37 டிகிரி வேண்டும். கொடுவா செல்லுக்கு 28 போதும், அதிகச் சூடு ஆகாது. மின்சாரம் போனால் இந்த ஊரில் இன்குபேட்டர் சூடாகத்தான் தொடங்கும்!

கொடுவாவுக்குத் திரும்புவோம். கடல்மீன் செல்லை இப்படிப் பிளாஸ்டிக்கில் பழக்கி எடுத்த கதையில் நம் தமிழ்நாட்டுக்கு முதல் வரிசையில் இடம். ராணிப்பேட்டைக்குப் பக்கத்தில் மேல்விஷாரம், அங்கே சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி. பேராசிரியர் சாகுல் ஹமீதின் குழு கொடுவாவின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்தெடுத்த செல் வரிசையை 2006இல் வெளியிட்டது. இந்தியாவின் முதல் கடல்மீன் செல் வரிசை அதுதான், எஸ்.ஐ.எஸ்.கே. என்று பெயர். பிற்பாடு கரிமீனின் கண்ணிலிருந்தும் அதே கல்லூரியில் செல்களை வளர்த்தார்கள். ஆற்காடு பிரியாணிக்குப் பெயர்போன வட்டாரத்தில், கடலே கண்ணில் படாத ஊரில், கடல்மீன் செல்கள் குடியேறின என்று நினைக்கும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எதற்கு இந்தப் பாடு? மீன் பண்ணைகளில் வைரஸ் புகுந்தால் குஞ்சுகள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதக்கும். வைரஸ் தனியாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். நோயுற்ற மீனின் சாற்றை இந்தச் செல்கள் மேல் ஊற்றிவிட்டுக் காத்திருந்தால், வைரஸ் இருக்கும்பட்சத்தில் செல்கள் சுருங்கி, உருண்டு, பிடி தளர்ந்து, மேலே மிதக்கத் தொடங்கும். ஆக, தரையைப் பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்பதுதான் இங்கே அன்றாடம் வாசிக்கும் சேதி.

"வந்து பாருங்கக்கா" என்று நாகர்கோவில் பெண் நுண்நோக்கியை விட்டு நகர்கிறார். இதில் லென்ஸ் கீழே இருக்கிறது, ஃபிளாஸ்க்கை மேலே வைக்க வேண்டும். கண்ணை வைத்தேன். அடேயப்பா! தரை முழுக்கச் செல்கள். நீண்டும் கோணியும் தட்டையாகவும் பரவி, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் ஓரத்தைத் தொட்டு, இடைவெளியே இல்லாமல் படுத்திருக்கின்றன. திரவத்தில் மிதப்பவை சிலதான். அவை உருண்டையாகப் பளிச்சென்று மின்னுகின்றன. பிடித்தால் தட்டை, விட்டால் உருண்டை. இந்த ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டால் நுண்நோக்கியில் பாதி வேலை முடிந்தது.

எதைக் கொண்டு பிடிக்கிறது? செல்லின் தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும் புரதங்கள் இருக்கின்றன. வெளிமுனை தரையில் படிந்திருக்கும் புரத இழைகளைப் பற்றும், உள்முனை செல்லுக்குள் ஓடும் ஆக்டின் நார்களோடு சேரும். இன்டெக்ரின் என்று 1986இல் ரிச்சர்ட் ஹைன்ஸின் குழு பெயர் வைத்தது. மனித உடம்பில் இவை 24 ஜோடி வகை. இவற்றைக் கண்டு தெளிந்ததற்காக ஹைன்ஸுக்கும் எர்க்கி ருவோஸ்லாட்டிக்கும் திமொத்தி ஸ்பிரிங்கருக்கும் 2022இல் லாஸ்கர் விருது கிடைத்தது. எனக்குப் புல்லரித்த இடம் இதுதான்: இந்தப் புரதம் எப்போதும் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை. மடங்கிக் கிடந்தால் பிடிக்காது, நிமிர்ந்தால் கெட்டியாகப் பிடிக்கும். மடக்குவதும் நிமிர்த்துவதும் செல்லின் கையில்! உள்ளேயிருந்து டாலின் என்ற புரதம் வந்து இன்டெக்ரினின் வாலைப் பற்றியதும் வெளியே தலை நிமிர்கிறது. செல் தன் பிடியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. ஒட்டுகிறது என்கிறோமே, இதில் பசை எங்கே வந்தது?

இப்போது ஹூட்டுக்கு முன்னால் உட்காருவோம். கண்ணாடிக் கதவு பாதி திறந்த பெட்டி அது. உள்ளிருந்து வடிகட்டிய காற்று சதா முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேசுகிறார்கள். கை உள்ளே போய்விட்டால் வெளியே எடுக்கக் கூடாது. மூக்கு அரித்தால்? "வேளாங்கண்ணி மாதாவை நெனச்சுக்கிடணும்" என்கிறார் நாகர்கோவில் பெண். பின்னால் நிற்கும் எர்ணாகுளத்துப் பையன் உடனே தன் முழங்கையை நீட்டி, "சேச்சி, வாடகைக்கு உண்டு" என்கிறான். சிரிப்பில் பைப்பெட் நடுங்குகிறது. "பதுக்கெ, பதுக்கெ" என்று மூத்த ஆராய்ச்சியாளர் அதட்டுகிறார். அவரும் சிரித்துக்கொண்டுதான்.

முதலில் பழைய மீடியாவை உறிஞ்சி எடுக்க வேண்டும். வெளிர்சிவப்பாக இருக்கும் அது செல்களின் சாப்பாடு. அப்புறம் கால்சியம் இல்லாத உப்புக் கரைசலால் ஒரு கழுவல். அதற்கும் அப்புறம்தான் ட்ரிப்சின், நம் குடலில் சோற்றுப் புரதத்தை வெட்டும் அதே நொதி. சின்ன அளவு ஊற்றி, ஃபிளாஸ்க்கைச் சாய்த்துச் சாய்த்துத் தரை முழுக்க நனைத்து, காத்திருப்பது. கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் இந்த அறையின் முகமே மாறிவிடுகிறது. ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒருவர் உதட்டுக்குள் எண்ணுகிறார். குறைத்து விட்டால் செல்கள் கிளம்பாது, கூட விட்டால் ட்ரிப்சின் செல்லின் தோலையே மேய்ந்துவிடும். ஃபிளாஸ்க்கை நுண்நோக்கியில் வைத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொல்கிறார்கள். கண்ணெதிரே தட்டைச் செல்களின் ஓரங்கள் உள்ளே சுருங்குகின்றன. இடையே கோடுகள் தெரிகின்றன, கோடுகள் அகல்கின்றன, ஒன்று உருண்டது, பக்கத்தில் இரண்டு, அந்தப் பக்கம் ஒரு கூட்டமே! சில முரடர்கள் மட்டும் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குத்தான் அந்தப் படீர்.

கழுவும் நீரில் கால்சியம் ஏன் கூடாது என்று கேட்டேன். மூத்தவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பிடித்த கதை போலும். கியோட்டோவில் மசாத்தோஷி தாக்கெய்ச்சி என்ற இளம் ஆய்வாளர், செல்களை ட்ரிப்சினால் பிரித்து, குலுக்கி, அவை மறுபடி ஒன்றையொன்று பிடிக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தன. 1970களின் நடுவில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் கார்னகி கருவியல் கூடத்துக்குப் போய் அதே வேலையைச் செய்தார். பிடிக்கவில்லை! அதே செய்முறை, அதே கை. துருவிப் பார்த்ததில், அந்தக் கூடத்தின் ட்ரிப்சின் புட்டியில் வழக்கமாகவே ஈ.டி.டி.ஏ. கலந்து வைப்பார்கள் என்று தெரிந்தது. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். கால்சியம் இருக்கும்வரை ட்ரிப்சினால் தொட முடியாத ஒரு புரதம் செல்லின் மேல் இருக்கிறது. கால்சியம் போன அடுத்த கணம் அது துண்டு துண்டாகிறது. செல்லும் செல்லும் கைகோக்கும் புரதம் அதுதான். கேடெரின் என்று பின்னால் பெயர் பெற்றது. தாக்கெய்ச்சிக்கும், ஐரோப்பாவில் இதே தடத்தில் தனியாகத் தேடிய ரோல்ஃப் கெம்லருக்கும் 2020இல் கெய்ர்ட்னர் விருது. "ஒரு புட்டியில் எழுதாமல் விட்ட பெயர்" என்று சொல்லிவிட்டு மூத்தவர் தன் மாணவர்களின் அலமாரியை ஒரு பார்வை பார்க்கிறார். தேதி எழுதாத இரண்டு புட்டிகள் சத்தமில்லாமல் உள்ளே தள்ளப்படுகின்றன.

ஆக, செல்லுக்கு இரண்டு பிடிகள்: தரையைப் பிடிக்க இன்டெக்ரின், அண்டை வீட்டுக்காரரைப் பிடிக்கக் கேடெரின். ஹூட்டில் நடந்ததெல்லாம் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் அவிழ்த்த கைவேலை.

கிளம்பிய செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குகளில் விடும்போது சீரம் சேர்க்கிறார்கள். கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்தத் திரவம் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து, உறைநிலைப் பெட்டியின் அடித்தட்டில், யார் எப்போது எவ்வளவு எடுத்தார் என்ற நோட்டோடு பாதுகாப்பு. சீரம் ட்ரிப்சினை அடக்கும். அதோடு, தன்னிடம் இருக்கும் ஒட்டுப் புரதங்களைத் தரையில் பூசியும் விடும். செல்கள் மிதந்து இறங்கி, தடவிப் பார்த்து, பற்றுக்கோடு கிடைத்த இடத்தில் மெல்ல விரியும். பிடி கிடைக்காமல் மிதந்துகொண்டே இருந்தால்? உடம்பில் பற்றிப் பிடித்து வாழும் சாதாரணச் செல் அப்படி ஒரு நிலையில் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. இடம் மாறிப் போய் வேறெங்கோ முளைத்துவிடாமல் உடம்பு வைத்திருக்கும் காவல் அது. புற்றுநோய்ச் செல்கள் அந்தக் காவலை ஏய்க்கக் கற்றுக்கொண்டவை. அண்டைச் செல்லின் பிடியைக் குறைத்துக்கொண்டு, மிதந்தாலும் சாகாமல், ஊர் விட்டு ஊர் போய்க் குடியேறுகின்றன.

நடுவே எல்லாரும் ஒரு தடவை உறைந்துபோனார்கள். கடைசித் தட்டில் இருந்த ஃபிளாஸ்க் ஒன்றில் வெள்ளைப் பஞ்சு. பூஞ்சை! மழைக்காலக் கொச்சியில் செருப்பு, பெல்ட், புத்தகம் என்று எதையும் விடாத பூஞ்சை இங்கேயும் வாய்ப்புப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. மூடியைத் திறக்காமலேயே பையில் போட்டுக் கட்டி, ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டு, இன்குபேட்டரைத் துடைக்கத் தொடங்கினார்கள். அது யாருடைய மூன்று வார உழைப்பு என்பதை அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "சாரமில்லா மோனே" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்து பழம்பொரி ஒன்றை அவன் கையில் திணித்தார் கழுவுமிடத்துச் சேட்டன். உள்ளே தின்னக் கூடாது என்பதால் இருவரும் தாழ்வாரத்துக்குப் போனார்கள்.

அந்தச் சேட்டனைப் பார்க்காமல் இந்தக் கூடத்தைப் பார்த்ததாகவே சொல்ல முடியாது. பின்கட்டில் ஒரு சிறிய அறை. ஆட்டோகிளேவ் கக்கும் நீராவி, கொதிக்கும் தண்ணீர், தொட்டி நிறையக் கண்ணாடி. அவர் பனியன் நனைந்து மார்போடு ஒட்டியிருக்கிறது. கண்ணாடித் துண்டில் சோப்பு நுனியளவு மிச்சமிருந்தாலும் செல் அதன் மேல் உட்காராது, விரல் எண்ணெய் பட்டாலும் உட்காராது. எனவே அமிலத்தில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, வடிநீரில் திரும்பத் திரும்ப அலசி, கவ்வியால் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். தண்ணீர் துளித்துளியாகத் திரண்டு நின்றால் மறுபடி தொட்டிக்கு. மெல்லிய படலமாகப் பரவி வழிந்தால் தேர்வு பெற்றது. கண்ணாடியில் செல்கள் காலூன்றுவதில் இவருடைய கட்டைவிரலுக்கும் பங்கு உண்டு. பக்கத்துக் கூடத்தார்கூட இவர் கழுவிய கண்ணாடியை இரவல் கேட்டு வருகிறார்களாம். "கொடுக்க மாட்டேன்" என்று தலையாட்டிச் சிரிக்கிறார்.

அந்தக் கண்ணாடியில்தான் அன்றைய விருந்து. தொட்டியில் ஒரு கரிமீன் நீந்திக்கொண்டிருந்தது. 2010இல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட அதே கரிமீன். ஈரத்துணியால் கண்ணை மூடி, மயக்க நீரில் சற்றே அமர்த்தி, இடுக்கியால் செதில் ஒன்றை மட்டும் பிடுங்கிவிட்டு மீனைத் தொட்டிக்கே திருப்பி விட்டார்கள். விட்டதும் வாலை உதறிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. செதிலைக் கண்ணாடியில் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியைப் பாரமாக அழுத்தி, மீடியா ஊற்றி, அப்படியே விட்டார்கள். எனக்குக் காட்டியது முந்தைய நாளே இப்படி வைத்த இன்னொரு செதில்.

திரையில் படம் வந்ததும் நான் கத்தியேவிட்டேன். நடக்கிறது! செதிலின் விளிம்பிலிருந்து தோல் செல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கண்ணாடியில் ஊர்ந்து போகின்றன. முன்பக்கம் அகன்ற பிறை வடிவ விளிம்பு, பின்பக்கம் உருண்டை உடல். கெரட்டோசைட் என்பது இவற்றின் பெயர். மீன்செதிலின் இந்தச் செல்கள் நிமிடத்துக்கு 10 முதல் 30 மைக்ரான்வரை ஓடக்கூடியவை. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் இருக்கும். அதை இவை சில நிமிடங்களில் கடந்துவிடும். சாதாரணத் திசுச் செல் நிமிடத்துக்கு ஒரு மைக்ரான்கூட நகராது. கரிமீனின் தூரத்து உறவான மத்திய அமெரிக்கச் சிக்லிட் மீன்களின் செதிலில் எடுத்த செல்களை வைத்துத்தான் அமெரிக்கக் கூடங்கள் பலவும் செல் நடையைப் படித்தன. நம் வேம்பநாட்டுக் காயலின் மீனும் அதே குடும்பம் என்று கேட்டபோது ஏதோ சொந்தக்காரர் சாதித்த சந்தோஷம்.

எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கிறது. முன்விளிம்பு புது இடத்தைப் பிடிக்கிறது, பின்பகுதி பழைய பிடியை விடுகிறது. தென்னை ஏறுகிறவர் கை பற்றியதும் காலைத் தளர்த்தி மேலே இழுத்துக்கொள்வாரே, அதே ஒழுங்கு. எல்லாப் பிடியும் கெட்டியாக இருந்தால் இருந்த இடத்தை விட்டு நகராது, எல்லாம் தளர்ந்தாலோ வழுக்கும். நடுத்தரமான பிடியில்தான் வேகம் அதிகம். ஒரு செல் பின்பக்கம் எதிலோ மாட்டிக்கொண்டது. நீண்டது, நீண்டது, இன்னும் நீண்டது. அறையில் எல்லாரும் திரையோடு ஒட்டிக்கொண்டு, "விடு, விடு" என்று ஒருவர், "பிடிச்சோ" என்று இன்னொருவர். சட்டென்று வால் அறுந்து உள்ளே சுருண்டது. செல் முன்னால் ஒரு குதி! கைதட்டினோம். தினமும் பார்க்கிறவர்களும் தட்டினார்கள் என்பதுதான் விசேஷம்.

"இதெல்லாம் மீனுக்கு எதுக்குன்னு கேப்பிய" என்று நாகர்கோவில் பெண் என் காதருகே வந்தார். "செதிலு உதுந்தா தண்ணி உள்ள போயிரும்லா. தையல் போட ஆள் வருமா? இவனுவதான் ஓடிப்போயி மூடணும்." தோலில் காயம் பட்ட மீனில் இந்தச் செல்கள் சில மணி நேரத்துக்குள் மேலே படர்ந்து மூடிவிடுகின்றன.

மீடியா கலக்கும் சேச்சியின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. காலையில் வீட்டில் கரிமீன் சுத்தம் செய்யும்போது முள் கிழித்ததாம். அவர் வீட்டுக் கரிமீன் பொள்ளிச்சதுக்கும் இங்கே பிழைத்த கரிமீனுக்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்கிறார். அந்தப் பிளாஸ்திரிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று மூத்தவர் விரலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். ரத்தத்தில் ஓடும் தட்டணுக்கள் ஒவ்வொன்றின் மேலும் ஏறக்குறைய 80,000 இன்டெக்ரின்கள், எல்லாமே மடங்கிய நிலையில். நிமிர்ந்தே ஓடினால் வழியெல்லாம் ரத்தம் கட்டிப்போகும். முள் கிழித்த இடத்தில் மட்டும், அந்த வினாடியில் மட்டும், அவை நிமிர்ந்து ஒன்றையொன்று பற்றி ஓட்டையை அடைத்தன. அடுத்து வெள்ளணுக்கள். ரத்த ஓட்டத்தின் வேகத்தில் போகிறவை குழாய்ச் சுவரில் லேசாகத் தொட்டு உருண்டு, வேகம் தணிந்து, ஆபத்துக் குறி கிடைத்ததும் இன்டெக்ரினை நிமிர்த்திச் சுவரைப் பிடித்து நின்று, இடுக்கு வழியாக வெளியேறி வருகின்றன. பிறகு தோல் செல்கள் அண்டைப் பிடியைத் தளர்த்திக்கொண்டு காயத்தின் மேல் ஊர்கின்றன. இரு பக்கமும் சந்தித்ததும் மறுபடி கைகோத்து நின்றுவிடுகின்றன. சேச்சி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இத்தனை பேரா உள்ளே?" அவர் கண்ணில் தெரிந்த வியப்பு நான் இதை எழுதும்போதும் எனக்குள் இருக்கிறது. இந்தக் கைகோப்பு தவறும் நோய்களும் உண்டு. பெம்ஃபிகஸ் வந்தவர்களின் உடம்பு, தோல் செல்களை இணைக்கும் டெஸ்மோக்ளீனையே எதிரியாக நினைத்துத் தாக்கும். தொட்ட இடமெல்லாம் கொப்புளம். ஒரு புரதத்தின் பிடியில் நம் தோல் நம்மேல் நிற்கிறது!

சாயா நேரத்தில் பேச்சு திருவனந்தபுரத்துக்குப் போனது. இங்கே அடித்தும் வெட்டியும் கிளப்பும் செல்களைக் குளிரவைத்தே கிளப்ப முடியும் என்கிறார்கள். சூட்டில் ஒரு குணமும் குளிரில் இன்னொரு குணமும் காட்டும் பாலிமரைத் தரையில் பூசுவது வழி. 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். 32 டிகிரிக்குக் கீழே இறக்கினால் பாலிமர் தண்ணீரை உறிஞ்சி உப்பும், செல்கள் ஒன்றையொன்று விடாமல் ஒரே ஏடாகக் கழன்று வரும். தரைப்பிடி போயிற்று, அண்டைப்பிடி அப்படியே இருக்கிறது! டோக்கியோவில் தெருவோ ஒக்கானோ தொடங்கிவைத்த இந்த உத்தியில், திருவனந்தபுரத்தின் ஶ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் தாங்களே ஒரு பாலிமரை உருவாக்கி, அதில் கண்ணின் விழிவெண்படலச் செல்களை வளர்த்திருக்கிறார்கள். "நமக்கும் அப்படி ஒன்று வந்தால் உள்ளங்கை தப்பிக்கும்" என்று நம் பெண் தன் சிவந்த கையைக் காட்ட, "அப்புறம் கோபம் வந்தால் எதை அடிப்பாய்?" என்கிறான் எர்ணாகுளத்துப் பையன்.

கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை நுண்நோக்கி. காலையில் விதைத்த ஃபிளாஸ்க். உருண்டைகளில் பாதிக்குமேல் தரையில் இறங்கி ஓரங்களைப் பரப்பத் தொடங்கிவிட்டன. இன்னொரு பழைய ஃபிளாஸ்க்கில் தட்டைச் செல்களின் நடுவே ஒன்று மட்டும் தானாகவே சுருண்டு எழுந்து நின்றது. யாரும் ட்ரிப்சின் ஊற்றவில்லையே? "பிரியப்போவுதுக்கா" என்றார். செல் இரண்டாவதற்கு முன் தரைப்பிடியைத் தளர்த்தி உருண்டுகொள்ளும், மெல்லிய நூல்களில் மட்டும் இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். காத்திருந்தோம். இடுப்பில் ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் ஆழமாகி இரண்டு உருண்டைகள். பிறகு அந்த இரண்டும் பழைய நூல்களைத் தடவிக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றாகப் படரத் தொடங்கின.

அதற்குள் வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்கு ஒரு தடவை மினுக்கியதுமே "கரண்ட் போயி" என்று நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். ஜெனரேட்டர் உறுமி எழும்வரை இன்குபேட்டர் கதவை யாரும் தொடக் கூடாது என்று மூத்தவர் குறுக்கே நின்றார். விளக்கு வந்ததும் அடுத்த சண்டை: ஞாயிற்றுக்கிழமை மீடியா மாற்ற யார் வருவது? செல்லுக்கு விடுமுறை கிடையாது. சேச்சிக்கு அன்று தேவாலயத்தில் குர்பானா, பையனுக்குக் கிரிக்கெட், சேட்டனுக்கு மகள் வீட்டுக்குப் போக வேண்டும். சீட்டுப் போட்டார்கள். வந்தது நாகர்கோவில் பெண்ணின் பெயர். "சீட்டு மடிச்சது யாரு?" என்று அவர் கேட்க, பையன் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டபடி ஓடிவிட்டான். "சாயா! சாயா!" என்று அறை முழுக்கக் கூச்சல்.